சோத்தை விட்டவங்க கதை

பொங்கலுக்கு வந்த அண்ணன் மகன் சோத்தைத் தொடவே இல்லை. "பேலியோ, சித்தப்பா" என்றான். முட்டையும் கறியும்தான். மூணாம் நாள் வரப்புல தலை சுத்தி உக்காந்துட்டான்.

புதுசா ஏதோ என்று நினைச்சேன். தேடிப் பார்த்தால் 160 வருசப் பழசு. லண்டனில் வில்லியம் பேன்டிங் என்றொருவர், இறுதிச் சடங்கு நடத்திக் கொடுப்பது தொழில். எடை 202 பவுண்டு. குனிஞ்சு செருப்பு வாரைக் கட்ட முடியாது, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாராம். காது மந்தமாகி 1862-ல் ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். ரொட்டி, பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னார் அவர். ஒரு வருசத்தில் 46 பவுண்டு இறங்கிச்சு. 1863-ல் பேன்டிங் அதைச் சின்னப் புத்தகமாகப் போட, இங்கிலீஷில் அவர் பேரே எடை குறைக்கிறதுக்கு ஒரு சொல்லாகிப் போச்சு.

ஹார்விக்கு யோசனை வந்த வழிதான் வேடிக்கை. மாவும் இனிப்பும் போட்டுத்தானே சில பிராணிகளைக் கொழுக்க வைக்கிறாங்க, அப்போ அதை நிறுத்தினால்?

அட, இது நம்ம தொழுவத்துச் சேதி! ஆனா கட்டிப்போட்ட மாட்டுக்குத்தான் சதை வைக்கும். ஏர் மாட்டுக்கு அதே தீவனம் உழவுக்கே சரியாப் போகும். எங்க தாத்தா கம்பஞ்சோறும் கீரையும் வயிறு நிறையத் தின்னவர், விடியறதுக்கு முன்னால கவலை ஓட்டப் போயிடுவார். நம்ம பையனோ நாள் முழுக்க நாற்காலியில்.

அன்னைக்கு அவனுக்குக் கம்பங்கூழ்ல மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைச்சுக் கொடுத்தேன். ரெண்டு செம்பு குடிச்சான். மறுநாள் காலையில் மம்பட்டியை அவனேதான் கேட்டு வாங்கினான்.