இணையவழிக் கருத்தாய்வு

அஞ்சலிலும் தொலைபேசியிலும் நடந்துவந்த மக்கள் கருத்தாய்வு, இணையத்தில் நிரப்பும் வினாத்தாளுக்கு மாறியதால் உருவான ஆய்வுமுறை. இம்மாற்றம் அமெரிக்காவில் விரிவாகப் பதிவாகியுள்ளது.

அஞ்சல்வழிக் கணிப்பின் புகழும் வீழ்ச்சியும் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழோடு பிணைந்தவை. 1936 குடியரசுத் தலைவர் தேர்தலின்போது இவ்விதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிக் கையேடுகளிலும் கார்ப் பதிவேடுகளிலும் எடுக்கப்பட்டவை. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பிவந்தன. வேட்பாளர்களில் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46 அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் வசமாயின. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வசதி படைத்தோரிடமே அதிகம் இருந்தன. போதாக்குறைக்கு, சீட்டு பெற்றவர்களில் பெரும்பாலோர் அதைத் திருப்பி அனுப்பவே இல்லை. மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு கருத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் காலப் முடிவைச் சரியாகச் சொன்னார். எண்ணிக்கையைவிடத் தேர்வுமுறையே முக்கியம் என்ற பாடத்தை இத்துறை இங்குதான் கற்றது. இதழ் 1938இல் நின்றுபோனது.

வீடுதோறும் தொலைபேசி வந்தபின், எண்களைக் குலுக்கல் முறையில் உருவாக்கி அழைக்கும் உத்தி பரவியது. புள்ளியியலாளர்களான வாரன் மிட்டோஃப்ஸ்கி, ஜோசப் வாக்ஸ்பெர்க் இருவர் பெயராலும் வழங்கும் இவ்வகை முறையை வாக்ஸ்பெர்க் 1978இல் விளக்கி எழுதினார். அஞ்சல், தொலைபேசி ஆய்வுகள் பற்றிய ஆய்வாளர் டான் டில்மனின் நூலும் அதே ஆண்டு வெளிவந்தது. பின்னர் மக்கள் அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினர். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளில் 1997இல் 36 விழுக்காடாக இருந்த மறுமொழி வீதம் 2018இல் 6 ஆனது.

அதே மையம் 2014இல் நிலையான இணையக் குழு ஒன்றை அமைத்தது. 2018 முதல் அதற்கு ஆள் சேர்ப்பது வீட்டு முகவரிகளிலிருந்து. அழைப்பு அஞ்சலில்தான் போகிறது. நெதர்லாந்தின் லிஸ் என்னும் இணையக் குழு 2007 முதல், கணினி இல்லாத வீடுகளுக்குக் கணினியும் இணைப்பும் தந்து அவ்வீட்டாரையும் சேர்த்துக்கொண்டது. தாமாக வந்து சேர்ந்தவர்களைக் கொண்ட குழுக்கள் மலிவானவை. எவ்வளவு பெரிதானாலும் அவை மாதிரி ஆகா, 1936இன் பிழையையே திரும்பச் செய்கின்றன.

வழி மாறினால் விடையும் மாறுகிறது. பேட்டியாளரின் குரலைக் கேட்கும்போது கூசி மறைப்பதைத் திரையில் மக்கள் ஒப்புக்கொள்கின்றனர். ஆகவே பழைய, புதிய முறைகளின் முடிவுகளை நேரடியாக ஒப்பிடலாகாது.

அரசு ஆய்வும் இணையத்துக்கு நகர்ந்தது: அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை தன் ஆண்டுச் சமுதாய ஆய்வில் 2013இல் இணைய விடையை ஏற்றது. 2017இல் தொலைபேசிப் பேட்டியைக் கைவிட்டது.