செக்ரோலில் ஏறாத நோய்

மனச்சோர்வு ஓய்வுள்ளவர்களின் நோய் என்றோர் எண்ணம் நம்மிடையே வெகுகாலமாக நிலவி வருகிறது. வயிற்றுப்பாட்டுக்கு அல்லாடுகிறவனுக்கு மனத்தைப் பற்றிக் கவலைப்பட நேரமேது என்று முற்போக்காளர்களாகிய நாமே பேசியிருக்கிறோம். சப்ரகமுவ மாகாணத்தின், அதாவது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின், ரப்பர், தேயிலைத் தோட்டங்களுடைய சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது.

முதலில் நோய் எது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மகனைப் பறிகொடுத்த தாய் அழுவது நோயன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாக நாள் முழுவதும் மனம் கனத்துக் கிடப்பதும், விடியுமுன்னரே உறக்கம் கலைவதும், பசி அற்றுப் போவதும், பெற்ற குழந்தையின் சிரிப்புக்கூட உள்ளத்தைத் தொடாமற் போவதும், தான் எதற்கும் உதவாதவள் என்ற நினைவும், சாவே மேல் என்ற எண்ணமும் ஒன்றுகூடி வருமானால் அதனை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்கிறார்கள். நம் தோட்டத்து மக்கள் இப்பெயரைச் சொல்வதில்லை. "யோசனை கூடிப்போச்சு" என்பார்கள், தலைப்பாரம் என்பார்கள், மேலெல்லாம் வலி என்பார்கள். ஆப்பிரிக்காவில் ஸிம்பாப்வே நாட்டு ஷோனா மக்களும் இந்நோயை 'அளவுமீறிய யோசனை' என்று பொருள்படும் சொல்லாலேயே குறிக்கிறார்கள். மாடி வீட்டை மட்டும் தேடி வருகிற நோய்க்கு இத்தனை தேசங்களின் குடிசைகளில் ஒரே பெயர் எப்படி வந்தது?

இத்தகைய ஒருத்தி தோட்டத்தின் ஏடுகளில் எவ்விதம் பதிவானாள்? விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு வராதவளுக்குச் செக்ரோலில் பேர் விழாது. வந்தும் கை ஓடாமல் நின்றவளுக்கு அரைப்பேர். கங்காணியின் அகராதியில் அதற்குச் சோம்பல் என்று பொருள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது விடியலில் நடக்கும் வேலை; மனச்சோர்வு கடுமையாகப் பற்றியவர்கள் பலருக்கும் விடியற்பொழுதே நாளின் மிகக் கொடிய நேரம். இவ்விரண்டும் ஒரே நாழிகையில் மோதியதை எந்தத் துரை எழுதி வைத்தான்? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளியின் நோயைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தியது உண்மையே. ஆனால் டிஸ்பென்சரியின் கண்ணுக்குக் காய்ச்சல் தெரிந்தது, கொக்கிப்புழு தெரிந்தது, பிரசவம் தெரிந்தது; யோசனை தெரியவில்லை. தலைப்பாரத்துக்கு ஒரு மாத்திரையோடு அவள் திரும்பினாள்.

தோட்டத்துக்கு வெளியே இருந்த அரசாங்கம் இரண்டு கதவுகளை மட்டும் திறந்து வைத்திருந்தது. 1873ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமற்றோர் சட்டப்படி நீதிமன்றத்தின் வழியாகப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு, பிற்காலத்தில் அங்கொடைக்கு, அனுப்பப்படுவது ஒன்று. தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தால், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றவாளியாக நிற்பது மற்றொன்று. கலகமும் செய்யாமல், நஞ்சும் குடிக்காமல், லயத்துக் காம்பராவின் மூலையில் சுவரைப் பார்த்துக் கிடந்தவளுக்கு எந்தக் கதவும் இல்லை. உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கி ஒருவன்தான் இருந்தான். பகுத்தறிவு பேசும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "உனக்கு என்ன குறை?" என்று அவளெதிரே உட்கார்ந்து இரவெல்லாம் கேட்டவன் அவனே.

குறைகளுக்குப் பஞ்சமுமில்லை. 1948ஆம் ஆண்டில் பிரஜாவுரிமை பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் கூறுபோட்டது; தாய் ஒரு தேசத்துக்கும் மகள் ஒரு தேசத்துக்குமாகப் பிரிந்தனர். நுவரெலியாவைப் போலத் தோட்டத்தோடு தோட்டம் தொடுத்துக் கிடக்கும் பிரதேசமன்று சப்ரகமுவ. சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாகச் சிதறிய தோட்டங்கள் அதனுடையவை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் தாக்கப்பட்டபோது பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடித் தப்ப முடியாதவர்கள் பலர். வவுனியாவரை சென்று குடியேறியவர்களும் உண்டு.

ஆகவே இது நோயே அல்ல, சமுதாயத்தின் கொடுமைதான் என்று முடித்துவிடலாமா? நம் தோழர்களில் பலர் இவ்விடத்தில்தான் சறுக்குகிறார்கள். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1985இல் வெளிவந்த கட்டுரையொன்றில், மேலைநாட்டார் மனச்சோர்வு என்று சொல்வது இலங்கைப் பௌத்தனுக்கு வாழ்க்கையே துக்கம் என்ற தத்துவமாக உருமாறிவிடுகிறது என்று வாதித்தார். ஆழமான கருத்துத்தான். ஆனால் துக்கத்தைத் தியானமாக்குவதற்கும் அவகாசம் வேண்டும். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் 1978இல் வெளியிட்ட நூல் நமக்கு இன்னும் நெருக்கமானது. சிறு குழந்தைகளுடைய உழைக்கும் வர்க்கத்துப் பெண்களையே இந்நோய் மிகுதியாகப் பற்றுகிறது என்றும், மனம்விட்டுப் பேச ஒருவருமில்லாதபோது துன்பம் நோயாக முற்றுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். காரணம் சமுதாயத்தில் இருப்பதால் நோய் பொய்யாகிவிடவில்லை.

இதற்குக் கேகாலை மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1934–35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயில் அம்மாவட்டக் கிராமங்கள் சூறையாடப்பட்டபோது சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் அங்கே நிவாரணம் செய்தனர். பட்டினி கிடக்கும் உடம்பைக் கொயினா மட்டும் காப்பாற்றாது என்று கண்டு உணவும் கொடுத்தார்கள். அதற்காகக் கொயினா வேண்டாமென்று அவர்களில் எவரும் சொல்லவில்லை.

மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் 1957இல் இமிப்ரமின் என்னும் மருந்தின் பலனை வெளியிட்டார். அதன் பின் பல மருந்துகள் வந்துள்ளன. அவை மூளையில் எவ்விதம் வேலை செய்கின்றன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு அவை உதவுகின்றன என்பதில் அவ்வளவு வேறுபாடில்லை. நோய் மிதமானதாயின் முறையாகப் பேசிக் குணப்படுத்தும் சிகிச்சையே பலருக்குப் போதும். ஸிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற பாட்டிமார் மர பெஞ்சுகளில் அமர்ந்து இச்சிகிச்சையைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இலங்கையிலும் சில நல்ல காரியங்கள் நடந்தன. 1995இல் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்ட நாடு இது. அவ்வாண்டு முதல் கொடிய பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. பத்தாண்டுகளில் அத்தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. தோட்டங்களில் களைக்கு அடித்த பராகுவாட்டும் 2008 தொடங்கிப் படிப்படியாக நீக்கப்பட்டது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற விதி 1998இல் ஒழிந்தது. ஆனால் நஞ்சைத் தடுத்ததால் யோசனை தீர்ந்துவிடவில்லை.

இந்நோயைக் காட்டித்தர இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல்லே பரிசோதனை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் எழுதப்பட்ட பின்னரும், சப்ரகமுவவில் சிங்களம் மட்டுமே அறிந்த மருத்துவரெதிரே தமிழ்த் தாய் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. மகன் காதுபட எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? சொல்லி, மருந்தும் கிடைத்தால், அது பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குணமான பின்னும் ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. நாட்கூலிக்காரி கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு நாளும் செக்ரோலில் அவளுக்குப் பேர் விழாது.