இழப்பீடும் ஓர் உரிமையே

அடிப்படை உரிமையை அரசே பறித்தால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக 32-ஆம் பிரிவும், உயர் நீதிமன்றத்துக்குப் போக 226-ஆம் பிரிவும் வழிவிடுகின்றன. சட்டவிரோதக் காவலில் உள்ளவரை ஆட்கொணர்வு மனு மீட்டுத் தரும். காவலிலேயே செத்துப்போனவருக்கு எந்த மனு போடுவது?

1964-இல் வந்த கஸ்தூரிலால் தீர்ப்பில் இதற்கு விடை இல்லை. மீரட் காவல் நிலையத்தில் வைத்திருந்த வணிகரின் தங்கத்தைத் தலைமைக் காவலரே சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடினார். இறையாண்மைப் பணியில் நேர்ந்த தவறு என்று சொல்லி இழப்பீடு மறுக்கப்பட்டது. அந்த மறுப்புச் சுவரில் முதல் விரிசல் 1983-இல் விழுந்தது. விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் பீகார்ச் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு, 32-ஆம் பிரிவின் கீழேயே 30,000 ரூபாய் தரச் சொன்னது சந்திரசூட் அமர்வு.

சுவரை இடித்தது நீலாபதி பெஹரா வழக்கு. ஒரிசாவில் 1987 டிசம்பர் 1 அன்று திருட்டு விசாரணைக்கென்று அவருடைய இருபத்திரண்டு வயது மகனைக் காவலர்கள் கூட்டிப்போனார்கள். மறுநாள் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்குத் தப்பியோடி, ரயிலில் அடிபட்டான் என்றது அரசுத் தரப்பு. தப்பிய கைதியைத் தேடியதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. உடல் கிடக்கும் செய்தி காலையிலேயே ரயில்வே ஊழியர்களிடமிருந்து வந்தும் காவலர்கள் வெகுநேரம் கழித்தே வந்தார்கள். காயங்கள் லத்தி போன்ற மழுங்கிய பொருளால் ஏற்பட்டிருக்கலாம் என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்.

தாய் எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் ரிட் மனுவாக ஏற்றது. 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. தொகையைவிடப் பெரிது, நீதிபதி ஜே.எஸ். வர்மா வகுத்த நெறி. உரிமையியல் வழக்கில் அரசு எழுப்பும் இறையாண்மை விலக்கு, அடிப்படை உரிமை மீறலுக்கான ரிட் மனுவில் செல்லாது. 1979-இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு பெறும் உரிமை நம் சட்டத்தில் இல்லை என்று இந்தியா பதிவு செய்திருந்தது. பின்னர் வந்த, காவல் மரணங்கள் குறித்த டி.கே. பாசு வழக்கில் அந்த மறுப்பும் பொருளற்றதானது.

இழப்பீடு வரிப்பணத்திலிருந்து போகிறது. அடித்தவரின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் போகலாம். இது எனக்கு உறுத்தல். ஒரிசா அரசு பொறுப்பாளிகளைக் கண்டறிந்து அவர்கள் மீது குற்றவழக்கும் தொடர வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இழப்பீடு கேட்டு மனு எழுதும் வழக்கறிஞர்கள் இந்தப் பகுதியையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும்.