வள்ளி என்னும் பெயர்

தணிகை மலைக்கு அணித்தேயுள்ள பொதட்டூர்பேட்டையில், நெசவையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்களிலே, பெண் மகவுக்கு வள்ளி, வள்ளியம்மாள், வள்ளிநாயகி என்று பெயரிடுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை; முருகனுடைய நவவீரரையே தம் குலமுதல்வராகக் கொண்டாடும் செங்குந்தர் மரபினருக்கோ, அது வீட்டுக்குள்ளேயே வழங்கும் பெயராகிவிடுகிறது.

கந்தபுராணத்தின் இறுதிப் படலத்தில் கச்சியப்ப சிவாசாரியர் விரித்துரைக்கும் விருத்தாந்தப்படி, மானொன்று ஈன்ற பெண் சிசு, வேட்டுவ மாதர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழியிலே கிடந்து அழ, அவ்வொலி கேட்டு வந்த நம்பிராஜன், பெண்பிள்ளையில்லாக் குறை தீர்ந்ததென்று மகிழ்ந்து எடுத்துச்சென்று, கிடந்த இடத்தின் பேராலேயே வள்ளி என்றழைத்தான். தெய்வநாயகியின் பெயர்க்காரணம் ஒரு கிழங்குக் குழியில் இருப்பதை மறைக்கப் புராணகாரர் முயலவில்லை. அதுவே எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. அந்த நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் வள்ளிமலை, இவ்வூருக்குத் தென்மேற்கே, கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்களையும் தாங்கி நிற்கிறது.

புராணத்துக்குப் பல நூற்றாண்டு முந்திய நற்றிணையிலேயே முருகனோடு சென்ற வள்ளி உவமையாக வந்துவிட்டாள். தொல்காப்பியம் கூறும் ‘வாடா வள்ளி’யோ ஒருவகைக் கூத்து, வாடும் கொடியான வள்ளியினின்று வேறுபடுத்தவே ‘வாடா’ என்னும் அடைமொழி சேர்ந்தது என்பர்.

வேல்ஸ் நாட்டுப் பழங்கதையிலும் ஓல்வென் என்றொரு நங்கை உண்டு. வெண்சுவடு என்பது அப்பெயரின் பொருள். அவள் அடிவைத்த இடந்தோறும் நான்கு வெண்பூக்கள் முளைத்தனவாம். அவளை மணக்க வந்தவனுக்கு அசாத்தியமான காரியங்களை விதித்த அவளுடைய இராட்சதத் தகப்பன், வேடர் படையோடு முருகனைத் துரத்திய நம்பிராஜனை நினைவூட்டுகிறான். ஆயினும் மணம் முடிந்ததும் ஓல்வெனின் கதை தீர்ந்துபோகிறது. நம் வள்ளியோ, கணவனோடு செருத்தணி என்னும் இத்தணிகை மலையில் வந்து தங்கி, இன்றளவும் பூஜை கொள்ளுகிறாள்.

திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் ஜில்லாவினின்று பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு இணைந்ததெனினும், இரு பாஷையும் கலந்து புழங்கும் இவ்வெல்லையில், தெலுங்கர் எழுதும் ‘வல்லி’யும் தமிழர் எழுதும் ‘வள்ளி’யும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வளர்கின்றன. கனகவல்லி, அமிர்தவல்லி என்னும் வடமொழிக் கொடிப் பெயர்களைத் தமிழரும் மெல்லிய லகரத்தோடு வைத்துக்கொண்டனர். மலைக்குறத்தியின் பெயருக்கு மட்டும் ளகரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.