உருமாறும் புகையிரதம்: ஒரு விளையாட்டுப் பொருளின் வரலாறு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நாலந்தாவை அடைந்து, அங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் செல்வோர் நீர்த்தேக்கத்தின் ஓரத்திலே ஒரு கற்கோயிலைக் காண்பர். நாலந்தா கெடிகே எனப்படும் அக்கட்டடம் கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென்பர். பௌத்த வழிபாட்டுக்குரிய அதன் அமைப்போ மாமல்லபுரத்து ரதங்களை நினைவூட்டும் பல்லவர் பாணியிலானது. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் உருவானபோது அது நின்ற நிலம் நீருள் மூழ்க நேர்ந்தது. எனவே 1980ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, மேடான இடமொன்றில் மீண்டும் பொருத்தி எழுப்பப்பட்டது. கற்கள் பழையன, நிற்கும் இடம் புதிது. பிரித்துப் பூட்டிய கோயில் பழைய கோயில்தானா என்ற வினா அதனைக் காண்போர் உள்ளத்தில் எழுவது இயல்பே.

இவ்வினா கோயிலைப் பற்றி மட்டும் எழுவதன்று. பிரிப்பதும் பூட்டுவதுமே தன் இயல்பாகக் கொண்ட ஒரு விளையாட்டுப் பொருள் யப்பானிலே தோன்றி, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலமாகச் சிறுவர் கைகளிலும் பின்னர் சேகரிப்போர் கண்ணாடிப் பேழைகளிலும் இடம்பெற்று வந்துள்ளது. அதிவேகப் புகையிரதமாக இருந்து, மடித்துத் திருப்பியதும் மனித உருக்கொண்ட இயந்திரமாக மாறும் பொம்மையே அது. புகையே இல்லாத ஒரு மின்வண்டியைப் புகையிரதம் என்று அழைப்பது பொருந்தாதெனினும் இலங்கைத் தமிழ் வழக்கு அச்சொல்லை விடவில்லை; இக்கட்டுரையும் அவ்வழக்கையே பின்பற்றுகின்றது. மேலும், அச்சொல்லிலே ‘ரதம்’ இருப்பது இங்கு பயனற்றதுமன்று.

ஏனெனில், ஊர்தியைச் சிறிதாக்கிக் குழந்தையின் கையிற் கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. ஹரப்பாப் பண்பாட்டு ஊர்களிற் சுடுமண்ணாலான சிறு வண்டிகளும் சில்லுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவரின் மூன்று சில்லுத் தேரைப் பற்றிப் பேசுகின்றது. நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறிக்கிறதாம். பெரும்பாணாற்றுப்படையிலும் தச்சர் செய்த விளையாட்டுத் தேர் வருகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவமாகவே வகுக்கப்பட்டது. சூத்திரகரின் மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்துக்குப் பெயர் தந்ததும் ஒரு மண் வண்டியே. அயல்வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியைக் கண்டு தன் மண் வண்டியை வெறுத்து அழும் சிறுவனுக்காக, வசந்தசேனை தன் நகைகளை அதிலே நிரப்பிக் கொடுக்கிறாள். விளையாட்டுப் பொருளின் விலை வேறு, அது தரும் இன்பம் வேறு என்ற உண்மையை அந்நாடகாசிரியர் அறிந்திருந்தார் போலும்.

யப்பானிய விளையாட்டுப் பொருள் தொழிலின் போருக்குப் பிந்திய வரலாறும் ஓர் ஊர்தியிலேதான் தொடங்குகின்றது. 1945ஆம் ஆண்டு திசம்பரில் ஒட்சு நகரிலே கொசுகே மட்சுசோ என்பவர், வீசியெறியப்பட்ட தகரப் பேணிகளை வெட்டி, வீதியிலே கண்ட அமெரிக்க ஜீப்பின் உருவிற் பொம்மைகள் செய்தார். தோற்ற நாடு வென்ற நாட்டின் வண்டியைப் பொம்மையாக்கிப் பிழைக்கத் தொடங்கிய நிகழ்ச்சி அது. அடுத்த இருபது ஆண்டுக்குள் நிலை மாறியது. 1959இல் தொமி நிறுவனம் நீல நிறப் பிளாஸ்ரிக் தண்டவாளங்களைக் கொண்ட ‘பிளாறெயில்’ பொம்மை வண்டிகளை வெளியிட்டது. அதே ஆண்டிலேயே உண்மையான புதிய இருப்புப் பாதைக்கான வேலைகளும் ஆரம்பமாயின.

‘ஷின்கான்சென்’ என்ற சொல்லுக்குப் புதிய பெருவழி என்பதே பொருள். தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 515 கிலோமீற்றர் நீளமான இப்பாதை, தோக்கியோ ஒலிம்பிக் விழா தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்பாக, 1964 ஒக்ரோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 210 கிலோமீற்றர். இத்திட்டத்துக்கு 1961இல் உலக வங்கி 80 மில்லியன் டொலர் கடன் வழங்கியிருந்தது. திட்டத்தை முன்னின்று நடத்திய யப்பானியத் தேசியப் புகையிரதத் தலைவர் சோகோ சிஞ்சியும் தலைமைப் பொறியியலாளர் சிமா ஹிதேயோவும், செலவு மதிப்பீட்டை மீறிப் பெருகியதன் காரணமாக 1963இலேயே பதவி துறந்தனர். திறப்பு நாளிலே புறப்பாட்டு மேடையில் அவர்களுக்கு இடமில்லை. தம் வண்டி ஓடுவதை அவர்கள் தொலைக்காட்சியிலேயே கண்டனர். இலங்கையிலே முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுசை நோக்கி ஓடியது 1864இல் என்பதனை நினைவுகூர்ந்தால், இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே சரியாக ஒரு நூற்றாண்டு நிற்பதை உணரலாம்.

உருண்ட மூக்கும் வெண்மையும் நீலமும் கலந்த நிறமும் கொண்ட அந்த முதல் வண்டி, பின்னர் 0 தொடர் எனப்பட்டது. 1986 வரை அவ்வகையில் 3,216 பெட்டிகள் கட்டப்பட்டன. போரில் அழிந்த நாடு மீண்டெழுந்தமைக்கு அதனை யப்பானியர் அடையாளமாகக் கொண்டனர். அத்தகைய அடையாளம் பொம்மையாவது தவிர்க்கவியலாதது. ஆனால் அது மனித உருவாக மாறுவதற்கு வேறொரு கிளைக் கதை வேண்டியிருந்தது.

அக்கதை அமெரிக்காவிலே தொடங்கியது. ஹஸ்புறோ நிறுவனம் 1964இல் வெளியிட்ட போர்வீரன் பொம்மையின் உரிமத்தைப் பெற்ற யப்பானியத் தக்காரா நிறுவனம், அதன் வார்ப்பை அடிப்படையாகக் கொண்டு 1972இல் ஒளி ஊடுருவும் உடல் கொண்ட இயந்திர மனிதனை உருவாக்கியது. 1973இன் எண்ணெய் நெருக்கடியாற் பிளாஸ்ரிக்கின் விலை ஏறவே, உருவங்கள் சிறுத்தன. 1974இல் பத்துச் சதமமீற்றர் அளவான ‘மைக்ரோமான்’ வந்தது. 1980இல் அதன் உறவாக ‘டயகுளோன்’ வரிசை பிறந்தது. மிகச் சிறிய, காந்தப் பாதங்கள் கொண்ட மனித உருக்கள் ஏறி ஓட்டும் பேரியந்திரங்களே இதன் பொருள்கள். காரும் பார ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் இயந்திர மனிதராக மாறும் உத்தியை இவ்வரிசையே வளர்த்தது. அதனை வடிவமைத்தவர்களுள் அக்காலத்தில் இளைஞராக இருந்த கவாமோரி சோஜி குறிப்பிடத்தக்கவர். வெளிநாட்டுப் பொருளாதார நெருக்கடியொன்று குழந்தையின் பொம்மையை விரலளவுக்குக் குறுக்கியமை வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்கது.

புகையிரதம் இவ்வுத்திக்கு எளிதிலே இணங்குவதன்று. காருக்குக் கதவும் முன்மூடியும் சில்லும் உண்டு. கதவு தோளாகும், மூடி மார்பாகும். புகையிரதமோ நீண்ட பெட்டி. அதிலே எங்கு மடிப்பது, எங்கு விரிப்பது என்பதே சிக்கல். பெட்டியை நெடுகப் பிளந்து கால்களாக்கினால் மூக்குப் பகுதி எங்கோ தொங்கும். மூக்கை மறைத்தால் இது எந்த வண்டி என்ற அடையாளமே போய்விடும். எனவே 1980களின் முற்பகுதியில் டயகுளோன் வரிசையில் வந்த ஆறு புகையிரத இயந்திரங்களின் அமைப்பை ஆராய்வோர் அதன் திறமையை மெச்சவே செய்வர். அவற்றுள் ஒன்று 0 தொடர் வண்டி. மற்றொன்று 1982இல் திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதையின் பனிநிலங்களுக்கென அமைந்த பச்சைக் கோடிட்ட 200 தொடர் வண்டி. மின் இழுபொறியும் டீசல் இழுபொறியும் அக்குழுவில் இருந்தன. ஆறும் தனித்தனி மனித உருக்களாக மாறும். ஆறும் இணைந்தாற் பேருருவொன்றாகும். நாலந்தாவிலே தொழிலாளர் பல மாதம் முயன்று கல்லிலே செய்ததைச் சிறுவன் ஒரு மாலைப் பொழுதிலே பிளாஸ்ரிக்கிற் செய்தான் எனின் மிகையாகாது.

1983இல் தோக்கியோ விளையாட்டுப் பொருட் கண்காட்சிக்கு வந்த ஹஸ்புறோ நிறுவனத்தார் இவ்வரிசைகளைக் கண்டு உரிமம் பெற்றனர். 1984இல் அவை ‘ட்ரான்ஸ்போமேர்ஸ்’ என்ற பெயருடன் அமெரிக்கச் சந்தையை அடைந்தன. உள்ளே ஓட்டுநர் அமரும் இயந்திரம் என்ற கருத்து கைவிடப்பட்டு, இயந்திரமே உயிருள்ளது என்ற கதை புனையப்பட்டது. பொருள் மாறவில்லை, பொருளின் கதை மாறியது. 1985இல் யப்பானுக்கே அப்பெயர் திரும்பி வந்தது. ஆறு புகையிரதங்களும் 1987இல் அப்புதிய கதைக்குள் நுழைந்தன. கூட்டுருவுக்கு ‘ரைடன்’ எனப் பெயரிடப்பட்டது. 0 தொடர் வண்டி ‘சௌகி’ ஆயிற்று. அன்றைய அமெரிக்கச் சந்தையில் இவை இடம்பெறவில்லை. யப்பானிய வண்டிகளின் நிறமும் தடமும் அறியாத பிள்ளைக்கு அவற்றின் மாற்றம் பாதி இன்பத்தையே தந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

இங்கே ஒரு தற்செயல் ஒற்றுமை உண்டு. 1987 ஏப்பிரல் 1ஆம் நாள் யப்பானியத் தேசியப் புகையிரதம் கலைக்கப்பட்டு, ஆறு பயணிகள் கம்பனிகளாகவும் ஒரு சரக்குக் கம்பனியாகவும் பிரிக்கப்பட்டது. பெரும் நிறுவனம் துண்டுகளாக உடைந்த அதே ஆண்டிலேயே அதன் வண்டிகள் பொம்மைக் கடையிலே ஒன்று சேரும் பேருருவாக விற்பனைக்கு வந்தன. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆயினும் அப்பொம்மையை வைத்திருப்போரின் பற்றுக்கு மறைந்துபோன நிறுவனம் பற்றிய ஏக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பின்வந்த காலத்தைச் சுருங்கக் கூறலாம். 1993இல் ‘மைட் கைன்’ தொலைக்காட்சித் தொடரிலே நீராவி இழுபொறியும் புதிய அதிவேக வண்டிகளும் சேர்ந்து நாயக உருவாயின. 2000இல் ட்ரான்ஸ்போமேர்ஸ் வரிசையிலேயே மூன்று அதிவேக வண்டிகள் இணையும் உருவம் வந்தது. 2006இல் தக்காராவும் தொமியும் ஒரே நிறுவனமாயின. உருமாற்றும் கலையும் நீலத் தண்டவாளமும் அதனால் ஒரு கூரையின் கீழ் வந்தன. அதன் பயனாக எழுந்ததே 2015 முதல் விற்பனையான ‘ஷின்கலியன்’ வரிசை. யப்பானியப் புகையிரதக் கம்பனிகளின் ஒப்புதலுடன் உருவான இப்பொம்மைகள் தண்டவாளத்திலே ஓடவும் செய்யும், மனித உருவாகவும் மாறும். முன்பெட்டி மேலுடலாகவும் பின்பெட்டி கீழுடலாகவும் அமையும் ஏற்பாடு, பழைய சிக்கலுக்கு எளிமையான தீர்வாகும். 2018இல் அது தொலைக்காட்சித் தொடராயிற்று.

இவ்வரலாற்றில் விவாதத்துக்குரியது இறுதிக் கட்டமே. 2022 முதல் பழைய ஆறு வண்டிகளும் வளர்ந்தோருக்கான உயர்விலைச் சேகரிப்புப் பொருளாக ஒவ்வொன்றாகப் புதிதாய் உருவாக்கப்பட்டன. 1980களின் பழைய பொம்மைகளுக்கோ, பெட்டி திறக்கப்படாதிருப்பின், ஒட்டுத்தாள் ஒட்டப்படாதிருப்பின், விலை பன்மடங்காகின்றது. மாறுவதற்கென்றே பிறந்த பொருள் மாறாதிருப்பதாலேயே மதிப்புப் பெறுகின்றது. சிறுவன் கையில் மூட்டுத் தேய்ந்து ஒரு கை இழந்த பொம்மை தன் தொழிலைச் செய்தது. பெட்டிக்குள் உறங்கிய பொம்மை அதனைச் செய்யவேயில்லை என்று வாதிடுவது எளிது. அவ்வாதத்திலே நியாயமும் உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: எவரோ சிலர் விளையாடாமற் பேணியதனாலேயே அக்காலத்து நிறமும் அச்சும் பெட்டிச் சித்திரமும் இன்று ஆராய்ச்சிக்குக் கிடைக்கின்றன. உண்மையான 0 தொடர் வண்டிக்கும் இதுவே நேர்ந்தது. 2008இல் அதன் சேவை முற்றிலும் முடிவடைந்தது; அதற்கு முன்பே, 2001இல், அதன் தலைப்பெட்டியொன்று இங்கிலாந்தின் யோர்க் நகரத்துப் புகையிரத நூதனசாலைக்கு வழங்கப்பட்டது. மணிக்கு 210 கிலோமீற்றர் ஓடிய வண்டி அங்கு அசையாமல் நிற்கின்றது. அதைச் சென்று காணும் பிள்ளைகள் அதனுள் ஏறி அமர்கின்றனர்.

நாலந்தாவின் கெடிகேயும் இத்தகைய பேரத்துக்கு உட்பட்டதே. இருந்த இடத்திலேயே விட்டிருந்தால் அது தன் மண்ணிலே நீரடியிற் கிடந்திருக்கும். பெயர்த்தமையால் மண்ணை இழந்து கண்ணுக்குக் கிடைத்தது. 1880இல் மாத்தளையை அடைந்த இருப்புப் பாதை அதற்கு அப்பால் வடக்கே நீளவேயில்லை. ஆகையால் நாலந்தாவுக்குச் செல்வோர் மாத்தளையில் வண்டியை விட்டிறங்கி, எஞ்சிய வழியைப் பேருந்திலேயே கடக்கின்றனர். கோயிலின் சிகரத்துக் கூட்டைப் பார்க்கின்றனர். அதன் கற்களுக்கிடையே தெரியும் மூட்டுக் கோடுகளையும் பார்க்கின்றனர்.