பிடிபட்டவன்

லத்தீனில் ‘காப்பெரே’ என்ற வினைக்குப் பிடித்தல், கைப்பற்றுதல் என்று பொருள். அதிலிருந்து வந்த ‘காப்டீவுஸ்’ போரில் பிடிபட்டவன், கைதி. அவன் நல்லவனா கெட்டவனா என்பது அந்தச் சொல்லின் விஷயமல்ல. கி.மு. 184இல் இறந்த ப்ளாட்டஸ் இதன் பன்மையையே தலைப்பாக வைத்து எழுதிய நாடகத்தில் ஒரு எஜமானனும் அவன் அடிமையும் கைதிகள். எஜமானன் தப்பிப் போவதற்காக அடிமை அவன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பின்தங்குகிறான். குட்டு வெளிப்பட்டதும் கல் உடைக்க அனுப்பப்படுகிறான். நாடகத்தில் தலைநிமிர்ந்து நிற்பவன் அவன்தான்.

ரோம சாம்ராஜ்யம் சிதறியபின் இந்தச் சொல் வெவ்வேறு வாய்களில் புரண்டது. இத்தாலிய ‘காத்தீவோ’வுக்கு இன்று ‘கெட்ட’ என்று பொருள். மோசமான வானிலை, துர்நாற்றம், விஷமம் செய்யும் குழந்தை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ப்ரெஞ்ச் ‘ஷெத்தீஃப்’ நோஞ்சான். ஆங்கிலத்தில் இப்போது வழக்கொழிந்துவிட்ட ‘கெய்ட்டிஃப்’ இழிந்தவன், கோழை. ஸ்பெயினின் வடமேற்கில் பேசப்படும் கலீஷிய மொழியில் அதே ‘காத்தீவோ’ சின்னப் பையன்.

மாற்றம் மெதுவாகவே நடந்திருக்கிறது. சிலுவைப் போர்களைப் பாடும் 12ஆம் நூற்றாண்டுப் பழைய ப்ரெஞ்ச் காவியங்களில் ஒன்றுக்கு ‘ஷெத்தீஃப்கள்’ என்றே பெயர். முஸ்லிம்களிடம் சிறைப்பட்ட கிறிஸ்தவ வீரர்களின் கதை அது. 1380களின் விக்லிஃப் பைபிளிலும் ‘கெய்ட்டிஃப்’ கைதியைக் குறிப்பதுண்டு. ஆனால் கைதி பரிதாபத்துக்குரியவன், பரிதாபத்துக்குரியவன் அற்பன், அற்பன் கெட்டவன் என்று படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. நன்மை தீமை இரண்டிலும் சேராமல் வாழ்ந்து முடித்த கூட்டத்துக்கு, நரகத்தின் மூன்றாம் காண்டத்தில், தாந்தே இந்தச் சொல்லைத்தான் வைக்கிறான். ஷேக்ஸ்பியரிடம் இது ஓரிடத்தில் இரக்கமாகவும் வேறிடத்தில் வசையாகவும் வருகிறது.

இதற்குக் கிறிஸ்தவ லத்தீனைக் காரணம் காட்டுவார்கள்: பாவி சாத்தானின் கைதி, ஆகவே கைதி என்றால் பாவி. இத்தாலியத்துக்கு இது போதும். ஆனால் நோஞ்சானுக்கு எந்தச் சாத்தான் பொறுப்பு? ஒருவனுக்கு நேர்ந்ததை அவன் குணமாக்கிவிடுவது பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு வசதியானது என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. ‘பிடிபட்டான்’ என்றால் பிடித்தவன் யார் என்ற கேள்வி எழும். ‘கெட்டவன்’ என்றால் எழாது.

கைதிக்கு ப்ரெஞ்சும் ஆங்கிலமும் பிறகு வேறு சொல் தேட வேண்டியிருந்தது. எழுத்து லத்தீனிலிருந்து அதே சொல்லை மறுபடி எடுத்து ‘காப்தீஃப்’, ‘கேப்டிவ்’ என்று ஆக்கிக்கொண்டன. பேச்சில் வந்தது தீர்ப்பாகவும் ஏட்டில் வந்தது தகவலாகவும் ஒரே மொழிக்குள் இரண்டும் வாழ்ந்தன. இத்தாலியத்தில் ‘காத்திவேரியா’ கெட்டதனம், ‘காத்திவித்தா’ சிறைவாசம். போப்பாண்டவர்கள் 1309 முதல் 1377 வரை அவிஞோனில் இருந்த காலத்துக்கு அங்கே இந்தப் பின்னதுதான் பெயர்.

ஸ்பானிஷ் ‘கௌத்தீவோ’ இன்றும் கைதிதான். பழைய ஸ்பானிஷிலும் ‘பாவப்பட்டவன்’ என்ற நிழல் இதன்மேல் விழுந்ததுண்டு, அது நிலைக்கவில்லை. கடற்கொள்ளையரிடம் சிக்குவதும் மீட்புப்பணம் சேர்ப்பதும் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் அன்றாட விஷயம். இத்தாலியக் கரைகளும்தான் சூறையாடப்பட்டன. ஆகவே இதை விதியாகச் சொல்ல மாட்டேன். செர்வாண்டிஸ் 1575இல் பிடிபட்டு அல்ஜியர்ஸில் ஐந்து வருஷம் கிடந்தான். நான்கு முறை தப்ப முயன்று தோற்றான். 1580இல் திரித்துவ சபைத் துறவிகள் பணம் கட்டி மீட்டார்கள். 1605இல் வந்த ‘டான் கிஹோத்தே’ முதல் பாகத்தில் ஒரு கைதி சத்திரத்தில் உட்கார்ந்து மூன்று அத்தியாயங்களுக்குத் தன் கதையைச் சொல்கிறான். அதில் சாவேத்ரா என்று ஒரு வீரன் வந்து போகிறான். அது செர்வாண்டிஸின் சொந்தப் பெயர்.

மற்ற இடங்களில் கைதியைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். இங்கே அவனே பேசினான். சொல் பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.