ஒரு வீரரும் அவருடைய கடன் கணக்கும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுது பிழைத்த கறுப்பினக் குடும்பமொன்றில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோ லூயிஸ். 1926இல் அக்குடும்பம் பிழைப்பு நாடி டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அந்நகரம் வழங்கிய உதவித்தொகையால் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. 1934இல் லூயிஸ் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். கையில் பணம் வந்ததும் அவர் செய்த செயல்களுள் ஒன்று, நகரத்திடம் பெற்ற அந்த உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்தியதாகும். கேட்காத கடனைத் தாமே தீர்த்த இம்மனிதரின் பிற்கால வாழ்வு, நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1936இல் ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங், பன்னிரண்டாம் சுற்றில் லூயிசை வீழ்த்தினார். ஆயினும் மறு ஆண்டே ஜேம்ஸ் பிராடக்கை வென்று லூயிஸ் உலக வாகை சூடினார். 1938 ஜூன் 22 அன்று, நியூயார்க்கின் யாங்கி அரங்கில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் முன்னிலையில் ஷ்மெலிங்கை மீண்டும் சந்தித்தார். முதற் சுற்றிலேயே, 2 நிமிடம் 4 வினாடியில், போட்டி முடிந்தது. இட்லரின் இனவெறிக்குக் கிடைத்த அடியாக உலகம் அதைக் கொண்டாடியது. அமெரிக்காவிலேயே இரண்டாந்தரக் குடிமக்களாக நடத்தப்பட்ட கறுப்பின மக்களோ, அவ்வெற்றியில் தங்கள் தலை நிமிர்வதைக் கண்டனர்.

உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின், 1942இல் இரு போட்டிகளில் தமக்குரிய பரிசுப் பணத்தைக் கடற்படை, தரைப்படை உதவி நிதிகளுக்கு லூயிஸ் வழங்கினார். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைத்திருந்த படையில், சாதாரணச் சிப்பாயாகவும் சேர்ந்தார். ஆனால் கொடையாக அளித்த அப்பணமும் அவருடைய வருமானமாகவே வரிக்குக் கணக்கிடப்பட்டது.

25 முறை பட்டத்தைக் காத்து, 1949இல் ஓய்வை அறிவித்தபோது, வரிக்கடன் அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. 1950இல் அது ஐந்து இலட்சம் டாலருக்கு மேல் இருந்தது. குற்றம் முழுவதும் அரசினுடையது என்று நாம் சொல்லிவிட முடியாது. வருவாயில் பெரும்பங்கு மேலாளர்களுக்குப் போனது. கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கும் கையும், கணக்குப் பாராத செலவும் அவரிடம் இருந்தன. எனினும், கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்க, தளர்ந்த உடலோடு அவர் மீண்டும் மேடையேற வேண்டியதாயிற்று. 1950இல் எசார்ட் சார்ல்சிடம் தோற்றார். 1951 அக்டோபர் 26 அன்று இளைஞர் ராக்கி மார்சியானோ, எட்டாம் சுற்றில் அவரைக் கயிறுகளுக்கு வெளியே சாய்த்தார். சிறுவயது முதல் லூயிசைப் போற்றி வந்த மார்சியானோ, தம் வெற்றிக்காக அன்று கண்ணீர் வடித்தார்.

பின்னர் லூயிஸ் மல்யுத்தக் காட்சிகளில் தோன்றினார். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியும் ஏற்றார். 1981 ஏப்ரல் 12 அன்று மறைந்தார். விதியைத் தளர்த்தி, நாட்டின் வீரர்களுக்குரிய ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்ய அதிபர் ரேகன் அனுமதியளித்தார். அடக்கச் செலவில் பங்கேற்றவர்களுள் ஷ்மெலிங்கும் ஒருவர்! 1938 நவம்பரில் நாசி வன்முறையிலிருந்து இரு யூதச் சிறுவர்களைத் தம் அறையில் மறைத்துக் காத்தவர் அவர். போருக்குப்பின் லூயிசைத் தேடி வந்து நட்புப் பூண்டவரும் அவரே.

நாடு அவருக்கு இறுதி மரியாதை செய்தது சிறப்பே. ஆனால் மரியாதை தேவைப்பட்ட காலம், அவர் கடனுக்காக அடிவாங்கி நின்ற காலமல்லவா? நமக்காகப் பாடியவர், ஆடியவர், உழைத்தவர் எத்தனையோ பேர் முதுமையில் நம் ஊர்களிலும் வாழ்கின்றனர். அவர்கள் மறைந்தபின் மலர்வளையம் ஏந்திச் செல்லும் நாம், உயிரோடிருக்கும்போதே அவர்கள் வீட்டு வாசலை மிதித்திருக்கிறோமா? ஒருகாலத்தில் எதிராளியாக நின்ற ஷ்மெலிங் அதைச் செய்தார்.